இரண்டு காலும் கறுப்பில் நின்றால்

ஒரு நாள் முழுக்க நான் வண்டியாக இருந்தேன். மாட்டு வண்டியோ கார் வண்டியோ இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, நாலு சக்கரத்தோடு, தரையில் ஒட்டிய கோட்டைப் பார்த்துத் தானாக ஓடுகிற ரோபோ வண்டி. அந்தக் கதையை எழுதச் சொல்லி மருமகள் மாதக்கணக்காக நச்சரிக்கிறாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் தமிழில். மட்டாஞ்சேரிக்கு வாழ வந்து ஐம்பது வருஷம் ஆகியும் கடைப் பலகையில் உள்ள மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, அது ஒரு வசதி.

வீட்டில் நானும் மருமகளும்தான். என் மகன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறான். போனால் ஏழெட்டு மாதம் கழித்து வருவான். மருமகள் வெலிங்டன் தீவில் ஒரு சரக்கு ஆபீசில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் கடிதம் அடித்தாள். ஒரு நாள் அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் கையில் வேலை இல்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். மடித்த துணியை உதறி மடிப்பாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

பிறகு கலூரில் ஒரு சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். சின்ன ரோபோவைப் பூட்டி, அதற்குப் புரோகிராம் எழுதி ஓட்டுகிற படிப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். இவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்களாம். கூப்பிடட்டும், ஆன்ட்டிதானே என்றாள். அந்தப் படிப்பு முடியும் சமயத்தில் திருப்பூணித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கு ரோபோ சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் தாங்களே செய்த வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு ஒட்டியிருக்கும், நடுவில் ஓர் இடத்தில் கோடும் கோடும் குறுக்கே வெட்டும், வண்டி அதைத் தாண்டி முடிவுவரை போய் நிற்க வேண்டும். நாள் விஜயதசமி, காலை பத்து மணி. எதையும் புதிதாகத் தொடங்குவதற்கு எங்கள் ஊரில் அந்த நாள்தான்.

"இது கிடைக்கலேன்னா இனிமே எங்கேயும் கேக்க மாட்டேன் அத்தை. முப்பத்தொம்பது வயசாச்சு" என்றாள். பயறு நறுக்கிக்கொண்டே சொன்னாள். தலை நிமிரவில்லை. எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் கம்ப்யூட்டரைச் சரிப்படுத்த வேண்டும். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதன் கீல் உடைந்து, மூடி நிற்காது. பின்னால் புட்டுக்குடத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். புட்டு செய்கிற நாளில் கம்ப்யூட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் நாளில் புட்டு கிடையாது. புரோகிராம் எழுதுவதற்கு என்று ஒரு சாமானை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டுமாம். ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தால்தான் எங்கள் வீட்டில் இன்டர்நெட் எட்டிப் பார்க்கும். திரையில் ஒரு நீலக் கோடு பல்லி மாதிரி இருந்தது. வெகுநேரம் அசையாது, திடீரென்று ஓர் அடி ஓடும், மறுபடி அசையாது. நான் சோறு வடித்து, துணி காயப்போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தபோது அது கடைசிக்கு வந்திருந்தது.

அடுத்து, வண்டியின் முதுகில் இருக்கிற பச்சைப் பலகையைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் சேர்த்தாள். பலகையில் சின்ன விளக்கு எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர், அப்படி ஒரு பலகையையே நான் பார்க்கவில்லை என்றது. இவள் இறக்கிய சாமானை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். மறுபடி பல்லி. இரண்டு நாள் இப்படியே போயிற்று. அவள் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

மாடியில் நாங்கள், கீழே ஒரு தையற்கடை. தையற்காரச் சேட்டன் எதற்கோ மேலே வந்தவர், நிலைமையைப் பார்த்துவிட்டு, தன் போன் கேபிளை எடுத்து வந்து கொடுத்தார். அதைச் செருகினதும் டிங் என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டருக்குப் பலகை தெரிந்துவிட்டது. முதலில் போட்ட கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆனதாம். மின்சாரம் போகும், சேதி போகாது.

"அப்படின்னா சோறு போடும், பேசாது" என்றேன்.

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நீங்க இருந்த மாதிரி" என்றாள். சேட்டனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு மட்டும் பேச வேண்டாமென்றா இருந்தது? புதிதாக வந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் இப்போது எதற்கு.

அன்று அவள் எழுதிய முதல் புரோகிராம், பலகையில் உள்ள விளக்கை அணைத்து அணைத்து எரிய வைத்தது. எனக்கு அது கண்ணை உறுத்தியது. கொஞ்சம் மெதுவாக எரியச் சொல் என்றேன். ஆயிரம் என்று இருந்த எண்ணை அழித்துவிட்டு மூவாயிரம் என்று போட்டு, ஒரு பொத்தானை அமுக்கினாள். விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டத் தொடங்கியது. அந்த எண் எங்கே, இந்த விளக்கு எங்கே. இப்போது ஐந்நூறு போடு என்றேன். போட்டாள். பத்து தடவையாவது அவளைப் படுத்தியிருப்பேன்.

வண்டியைப் பூட்டி முடித்ததும் கூடத்து வெள்ளை டைல்ஸில் கறுப்பு டேப்பை வளைத்து வளைத்து ஒட்டினாள். வண்டியின் வயிற்றுக்கு அடியில் இரண்டு கண் இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கீழே வெள்ளை தெரிகிறதா கறுப்பு தெரிகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. வண்டி கோடு பிசகாமல் சமர்த்தாக வரும். கோடும் கோடும் வெட்டுகிற இடத்துக்கு வந்ததும் சாமி வந்த மாதிரி வலது பக்கமாகச் சுற்றி எங்கேயோ போய்விடும். அது மட்டும்தான் பாக்கி. அது சரியாகாவிட்டால் வேலை இல்லை.

அஷ்டமியன்று சாயங்காலம் அதைக் கேட்கத்தான் வகுப்பு சாரைத் தேடிக் கலூருக்குப் போனாள். அன்றைக்குத்தான் பூஜை வைக்க வேண்டும். வீட்டில் உள்ள புஸ்தகம், வேலை செய்கிற கருவி எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் வைத்து, பட்டுத்துணி போட்டு மூடிவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. நான் தையல் மெஷினைத் துடைத்தேன், அரிவாள்மணையைக் கழுவினேன், மகனுடைய ஸ்பேனர் பெட்டியை எடுத்து வைத்தேன். அந்தக் கையோடு லேப்டாப்பையும் வண்டியையும் எடுத்து வைத்தேன். இந்த வருஷம் இந்த வீட்டில் ஆசீர்வாதம் வேண்டியது அவற்றுக்குத்தானே என்று நினைத்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செம்பருத்திப் பூ வைத்து, மூடி, விளக்கும் ஏற்றிவிட்டேன். ஏற்றின பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. நாளைக்கு நவமி. மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும்.

மருமகள் வந்தாள். சார் ஊருக்குப் போய்விட்டாராம். செருப்பைக் கழற்றிக்கொண்டே புட்டுக்குடம் தனியாக நிற்பதைப் பார்த்தாள். பிறகு பட்டுத்துணியைப் பார்த்தாள். சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

"மோளே, எடுத்துடறேன். அம்மனுக்குத் தெரியாததா? பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றேன். எழுந்து துணியில் கையும் வைத்துவிட்டேன்.

"வேண்டாம் அத்தை."

"நாளை ஒரு நாள் முழுக்கப் போயிடுமே."

"போகட்டும். மூணு வருஷம் முன்னாடி அவசரம்னு நவமியன்னிக்கு ஆபீசுக்குப் போய் டைப் அடிச்சேன். நீங்ககூட போகாதேன்னு சொன்னீங்க. அடுத்த மாசம் ஆபீசே இல்லை. அதனாலதான்னு நான் சொல்லலை. ஆனா மறுபடி தொட எனக்குத் தைரியம் இல்லை."

சாமிக்கு ஆகாது என்று நான் சொல்ல, பழைய பஞ்சாங்கம் என்று அவள் சொல்வாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. நான் எடு என்கிறேன், அவள் மாட்டேன் என்கிறாள்.

மறுநாள் காலை சாயா குடித்துவிட்டு இருவரும் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். தரையில் டேப் ஒட்டியபடியே இருந்தது. பேப்பர் எடுக்க முடியாது, பேனா எடுக்க முடியாது. மருமகள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நடக்கலாம் இல்லே அத்தை? நடக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள்.

நடக்கலாம் என்றேன்.

"அப்போ எழுந்திருங்க. நீங்கதான் வண்டி."

முதலில் வெளி ஜன்னலைச் சாத்தினேன். கதவுக்குத் தாழ் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலாக வைத்து நின்றேன். என் கால்கள்தான் வண்டியின் கண்கள். சட்டம் சொன்னாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் கேட்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். வலது கால் கறுப்பை மிதித்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் இடது காலைப் பற்றிக் கேட்பாள். அது மிதித்தால் இடது பக்கம். இரண்டும் வெள்ளையில் இருந்தால் நேரே. அவள் கேட்காததைச் சொல்லவும் கூடாது, செய்யவும் கூடாது.

"வலது?" "வெள்ளை." "இடது?" "வெள்ளை." "நேரே." ஓர் அடி. மறுபடியும் "வலது?" இப்படியே கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வர அரைமணி நேரம் ஆயிற்று. கீழே தையற்காரச் சேட்டனுக்குத் தலைக்கு மேலே ஒரு சத்தம், ஒரு நிறுத்தம், ஒரு சத்தம், ஒரு நிறுத்தம் என்று கேட்டிருக்கிறது. மேலே வந்து கதவைத் தட்டினார். யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டார். மருமகள் கதவைப் பாதி திறந்து, அத்தை வண்டியாக இருக்கிறார்கள் என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு, கோட்டின் மேல் காலை அகட்டி நின்றபடி, வெட்கத்தில் சுவரைப் பார்த்தேன். "சேச்சிக்குப் பிரேக் உண்டோ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கோடுகள் வெட்டுகிற இடத்துக்கு வந்தேன். குறுக்கே போகிற கறுப்பு டேப்பின் மேல் என் இரண்டு காலும் நின்றன.

"வலது?" "கறுப்பு." "அப்போ வலது பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். நடந்தேன். நேராக அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கிருந்து கூப்பிட்டேன். "மோளே, எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு காலும் கறுப்புல நிக்குது. நீ ஏன் ஒரு காலைப் பத்தி மட்டும் கேட்டுட்டு ஓடறே? ரெண்டும் கறுப்பான்னு முதல்ல கேட்டா நான் ஏன் இங்கே வரப்போறேன்?"

எட்டிப் பார்த்தேன். அவள் டேப்பின் நடுவில் நின்றுகொண்டு விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு என்னை மறுபடி கொண்டுபோய் ஆரம்பத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை முதல் கேள்வி, "ரெண்டும் கறுப்பா?" அதற்குப் பிறகுதான் வலது, இடது. வெட்டுகிற இடத்தில் "ஆமாம்" என்றேன். "அப்போ எதையும் பார்க்காம நேரே ரெண்டு அடி" என்றாள். தாண்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் பதினேழு தடவை தாண்டியிருப்பேன், முழங்கால் எண்ணி வைத்திருக்கிறது. எழுதி வைக்க முடியாததால் கேள்விகளை வரிசையாக இருவரும் மனப்பாடம் செய்துகொண்டோம், வாய்ப்பாடு மாதிரி.

விஜயதசமி காலை ஆறரைக்குப் பூஜை எடுத்தோம். புட்டுக்குடத்தைக் கழுவித் துடைத்து, லேப்டாப்பைச் சாய்த்து, அவள் புரோகிராமை அடித்தாள். நான் பக்கத்தில் நின்று கேள்விகளை வரிசையாகச் சொன்னேன். கேபிளில் ஏற்றி, வண்டியைக் கோட்டில் விட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றியது. வெட்டுகிற இடம்கூட இல்லை, ஆரம்பத்திலேயே சுற்றியது. மருமகள் புரோகிராமை மேலும் கீழும் தேடினாள். மணி ஏழரை. அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. வண்டியைத் தூக்கித் திருப்பிக் காட்டினேன். வயிற்றுக்கு அடியில் இரண்டு கண்ணிலும் சந்தனம் காய்ந்து போயிருந்தது, வலது கண்ணைக் குங்குமம் அப்பி முழுக்க மூடியிருந்ததால் அதற்கு எல்லாமே கறுப்பு. கண் என்று அவள் சொல்லியிருந்தாளே, கண்ணுக்குப் பொட்டு வைக்காமல் இருக்கலாமா என்று வைத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்தாள். கடைசியில் ஊசி முனையால் சுரண்டினாள். "இதுக்கு நீங்களும் கூட வரணும். தண்டனை" என்றாள்.

அப்படித்தான் நான் திருப்பூணித்துறைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பின்னால் போட்டிருந்த பிள்ளைகள் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்தேன். தலைமை டீச்சர் ஓர் அம்மாள். இரண்டு துண்டாக உடுத்துகிற வெள்ளைச் செட்டு முண்டு, கறுப்புக் கரை. பக்கத்தில் மேசை போட்டு, காகிதமும் பேனாவுமாக ஒரு சார். எங்களுக்கு முன்னால் வந்த இளைஞனின் வண்டி மிக வேகமாக ஓடி, வளைவில் தாளைவிட்டு வெளியே பாய்ந்து மேசைக் காலில் முட்டியது. அடுத்து எங்கள் வண்டி.

அது நிதானமாகப் போயிற்று. என் உதடு அதற்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. வெட்டுகிற இடம் வந்தது. எதையும் பார்க்காமல் நேரே தாண்டியது. தலைமை டீச்சர் சந்தோஷமாக, எப்படி என்று பார்க்கத் தாளின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். அவருடைய முண்டின் ஓரம் தாளின் மேல் விரிந்தது. வெள்ளைத் துணி, அதில் கறுப்புக் கரை. வண்டி அந்த இடத்துக்கு வந்தது, கரையைப் பார்த்தது, டேப்பை விட்டுவிட்டுக் கரையில் ஏறிவிட்டது. டீச்சர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். கரையும் நகர்ந்தது. வண்டியும் பின்னாலேயே போயிற்று. மருமகள் வாயில் கையை வைத்துக்கொண்டு மரமாக நின்றுவிட்டாள். மேசையில் இருந்த சார் பேனாவைத் திறந்து எதையோ எழுதக் குனிந்தார்.

நான் எப்படி எழுந்தேன், எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. வண்டியைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கினேன். கையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சாரே, எழுதாதீங்க" என்றேன். தமிழா மலையாளமா, எனக்கே தெரியவில்லை. "இதுக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். டீச்சரோட கரையும் கறுப்புதான். ரோடு எது, முண்டு எதுன்னு நாங்க இதுக்குச் சொல்லிக் குடுக்கலை. சொல்லாததை இது செய்யாது. சொன்னதை இது சரியாத்தான் செஞ்சுது."

சார் பேனாவை நிறுத்தினார். "அம்ம இது படிச்சிட்டுண்டோ?"

"இல்ல சாரே. நான் ஒரு நாள் வண்டியா இருந்தேன்."

சொன்ன பிறகுதான் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. வண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்கு ஓடிவிட்டேன். அவளுக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டது. பூஜை வைத்ததையும், நான் அடுக்களைக்குள் போனதையும் அவள் சொல்ல, தலைமை டீச்சர் தரையிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டார். பிறகு, இங்கே பிள்ளைகள் முப்பதுக்கு மேல், கம்ப்யூட்டர் மூன்றுதான், மற்றப் பிள்ளைகளை என்ன செய்வாய் என்று கேட்டார்.

மருமகள் மேசையின் பக்கம் திரும்பி, "சார், செருப்பைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் இங்கே வர்றீங்களா?" என்றாள்.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். சார் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கால்சட்டையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு வந்து கோட்டின் மேல் நின்றார். பழைய சட்டப்படி முதலில் கேட்டாள். வெட்டுகிற இடத்தில் வலது பக்கம் திரும்பி நேராக என் பெஞ்சுக்கே வந்துவிட்டார். புதிய சட்டப்படி கேட்டாள். தாண்டினார். தாண்டினதும், இன்னொரு தடவை போகட்டுமா என்று அவரே கேட்டார்.

பிறகு டீச்சர் முண்டை நன்றாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டியை மறுபடி விடச் சொன்னார். அது கோட்டின் முடிவுவரை போய் நின்றது. திங்கட்கிழமை வரலாமா, முதலில் வாரத்துக்கு மூன்று நாள், பிறகு பார்க்கலாம் என்றார். மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள். வண்டியைப் பைக்குள் வைத்தாள். பையின் ஜிப்பைப் போட மறந்துவிட்டு நடந்தாள். நான் போட்டேன்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சாயாக்கடை இருந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. இரண்டு பரிப்பு வடையைச் சூடு பார்க்காமல் தின்றாள். மூன்றாவதையும் கேட்டு வாங்கினாள்.